கண்டிச்சீமைக்குப் போனவர்களும் நம் சமவெளிக்கு வந்தவர்களும்

 

இவ்வாண்டறிக்கைக்காக நம் ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டை நிர்வாகிகளோடு அமர்ந்து சரிபார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டிற்கும் நேராகக் குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, சந்தாத் தொகை, அதன் பின் ‘வெளிநாட்டில் இருப்போர்’ என்றொரு கட்டம். சவூதி, துபை, குவைத், சிங்கப்பூர் என்று ஏதேனும் ஒன்று எழுதப்படாத பக்கம் அரிது. வெளியே சென்றவர்களைக் குறிக்கக் கட்டம் வரைந்த பெரியவர்கள், உள்ளே வந்தவர்களைக் குறிக்கக் கட்டம் எதுவும் வரையவில்லை. அது அவர்களின் குறையன்று. அவர்கள் காலத்தில் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளி ஆட்களை அனுப்பி வைக்கும் பூமியாகவே இருந்தது. அக்கட்டத்திற்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு உள்ளது.

மக்களை எண்ணி எழுதுவது நமக்குப் புதிய வழக்கமன்று. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1,500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. அந்த 1,500 பேரில் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களும் இருந்தனர், மண்ணின் மைந்தர்களான அன்ஸாரிகளும் இருந்தனர். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஆண்டுக் கணக்கைத் தொடங்க ஒரு நிகழ்ச்சியைத் தேடியபோது, பிறப்பையோ வெற்றியையோ எடுக்காமல் ஓர் இடப்பெயர்வையே எடுத்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நிகர இடப்பெயர்வு என்பது என்ன?

ஓர் ஊரின் மக்கள் தொகை நான்கு வாயில்களின் வழியாகவே கூடும், குறையும். பிறப்பு, இறப்பு, வருகை, வெளியேற்றம் என்பவை அவை. விளக்கத்திற்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு முஹல்லாவில் ஆண்டுத் தொடக்கத்தில் 1,000 பேர். அவ்வாண்டில் 15 குழந்தைகள் பிறந்தன, 7 பேர் வஃபாத்தாயினர், 12 பேர் பிழைப்புக்காக வெளியேறினர், 5 பேர் வந்து குடியேறினர். ஆண்டு முடிவில் 1,001 பேர். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் கிடைப்பது மைனஸ் 7. இதற்கே நிகர இடப்பெயர்வு என்று பெயர். நாடுகளுக்குக் கணக்கிடும்போது ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கூறுவர்.

பிறப்பும் இறப்பும் மெல்ல மாறுபவை. ஒரு தலைமுறை கடந்தால்தான் அவற்றில் பெரிய வேறுபாடு தெரியும். இடப்பெயர்வோ ஒரே ஆண்டில் தலைகீழாகும். ஒரு மழை பொய்த்தாலும், ஓர் ஆலை மூடினாலும், ஒரு போர் மூண்டாலும் அது உடனே அசையும். ஆகவே ஒரு நாட்டின் பொருளாதார நிலையை அறிய விரும்புவோர் வரவு செலவுக் கணக்கோடு இந்த எண்ணையும் பார்க்கின்றனர். மனிதன் தன் பிள்ளைகளுக்கு எங்கே சோறு கிடைக்கும் என்று கருதுகிறானோ அங்கே நடக்கிறான்.

எத்தனை நாள் தங்கினால் ஒருவர் குடியேறியவர் ஆவார்? மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இக்கேள்வி பழக்கமானது. 15 நாள் தங்க நிய்யத் செய்தவர் முகீம் என்பது ஹனஃபி மத்ஹபு. போகும் நாள், வரும் நாள் நீங்கலாக 4 நாள் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஐக்கிய நாடுகள் சபையோ நெடுங்காலக் குடியேற்றத்திற்கு 12 மாதங்கள் என்று வைத்திருக்கிறது. இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த ஊரைக் கேட்பது பழைய வழக்கம். ‘இதற்கு முன் எங்கே வசித்தீர்?’ என்ற கேள்வி 1971இல்தான் சேர்ந்தது. இடம் பெயர்ந்த காரணத்தை 1981 முதல் கேட்கின்றனர். அப்படிக் கேட்டபோது தெரிய வந்த செய்தி ஒன்று பலருக்கும் வியப்பூட்டும். நம் நாட்டில் இடம் பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதற்குக் காரணம் திருமணம்!

தாது வருடத்துக் கழித்தல் குறி

1871இல் எடுத்த கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 இலட்சம். பத்து ஆண்டுகளில் 3 இலட்சத்து 67 ஆயிரம் பேரைக் காணவில்லை. அன்றைய சேலம் மாவட்டம் என்பது இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களோடு திருப்பத்தூர்ப் பகுதியும் சேர்ந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானோர் இல்லாமற் போயினர் என்றால் எத்தனை வீடுகள் அடைபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தக் கொடும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் கூறுவர். சேலத்திற்கு ரயில் 1861இலேயே வந்துவிட்டது. தானியம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் போக வழி இருந்தது. வாங்கத்தான் ஏழையிடம் காசில்லை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியமும் 1 அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். சில மாதங்கள் கழித்தே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். கால்களில் வலுவிருந்தவர்கள் கண்டிச்சீமைக்கு நடந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 3 இலட்சத்து 67 ஆயிரம் என்ற எண்ணில் பசியாலும் காலராவாலும் இறந்தவர்களும் இருக்கின்றனர், வெளியேறியவர்களும் இருக்கின்றனர். கழித்தல் கணக்கு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். 1891இல் தொகை மீண்டும் 19 இலட்சத்து 63 ஆயிரத்தை எட்டியது. 1901இல் 22 இலட்சத்தைக் கடந்தது. பிறப்பு பெருகியதும் போனவர்களில் சிலர் திரும்பியதும் அதில் கலந்திருக்கும்.

பஞ்சத்திற்கு முன்பே நம் பக்கத்தார் இலங்கைக்குச் சென்று வந்தனர். அப்போது அங்கே காப்பித் தோட்டங்கள். காப்பி பறிக்கும் பருவத்திற்குப் போய், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பலாம். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடக்க வேண்டும். நீரின்றியும் நோயுற்றும் அந்த வழியிலேயே மடிந்தவர் பலர். போனவர் திரும்பி வரும்வரை நிகரக் கணக்கு பெரிதாகச் சாயாது. 1869இல் காப்பி இலையில் ஒரு நோய் தோன்றியது. அடுத்த 20 ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து தேயிலை எழுந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்களும் வேண்டும். பருவத்திற்குப் போனவர் குடும்பத்தோடு போய் லயத்து அறைகளில் தங்கலானார். ஒரு செடியின் நோய் நம் ஊர் மக்களை நிரந்தரமாக அக்கரைக்குக் கொண்டு சேர்த்தது.

அழைத்துச் சென்றவர் கங்காணி. அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், உறவினர்கூட. முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். கடன் தீராமல் தோட்டம் மாற இயலாது. மாறினால் ‘துண்டு’ எனும் கடன் சீட்டும் அவரோடு போகும். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. மண்டபம் முகாமில் கூட்டங் கூட்டமாக நிறுத்தி வைத்து நோய் பார்த்து அனுப்பினர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, வட ஆர்க்காடு மாவட்டங்களே அதிக ஆட்களைக் கொடுத்தவை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினர். 1938இல் மலாயாவிற்கும் 1939இல் இலங்கைக்கும் தோட்டக்கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது.

நம் சமுதாயத்தில் கடல் கடந்த வரலாறு பேசப்படும்போதெல்லாம் கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் மரைக்காயர்களின் கப்பல்களும் கடைகளும் பேசப்படுகின்றன. பெருமைக்குரியதே. எனினும் அவர்கள் சென்றது வணிகராக. சேலம் சமவெளியினர் சென்றது கூலிகளாக. கணக்கேட்டில் இருவரும் ‘வெளியேறியவர்’ என்றே இருப்பர். எண்ணை மட்டும் படிப்பவர் இந்த வேறுபாட்டை அறிய மாட்டார்.

மக்கள் பெருகி மண் தாங்காததால் வெளியேறினர் என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. 19 இலட்சத்து 67 ஆயிரம் பேரைக் காக்க முடியாத அதே பூமியில், எல்லைகள் சற்று மாறியிருந்தாலும், 2011இல் சேலத்தில் 34 இலட்சத்து 82 ஆயிரம், நாமக்கல்லில் 17 இலட்சத்து 27 ஆயிரம், தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்தால் சுமார் 86 இலட்சம் பேர் வாழ்ந்தனர். நான்கு மடங்குக்கும் மேல்! மாறியது மண்ணன்று. அயர்லாந்து நாட்டுக்கும் இதே கதை உண்டு. 1841இல் சுமார் 82 இலட்சம் பேர் இருந்த அத்தீவில், உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்குப் பின் 1851இல் சுமார் 65 இலட்சமே எஞ்சினர். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அங்கிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டே இருந்தனர். 1990களில் தொழில் வளர்ந்தபோது வெளிநாட்டார் அங்கே வரத் தொடங்கினர்.

கூட்டல் குறியெல்லாம் செழிப்பன்று

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அவர்களைக் கேட்டா அந்த எண்களை எழுதினர்? 1971இல் இலங்கையில் இந்தியத் தமிழர் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981இல் சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம்.

அவ்வாண்டுகளில் அவர்கள் தமிழகக் கணக்கில் வருகையாக, கூட்டல் குறியோடு பதிவாயினர். பர்மாவிலிருந்து 1960களில் துரத்தப்பட்டு வந்தவர்களும் அப்படியே. இவர்களுக்காகவே 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. வந்தவர்கள் தமிழகத்தின் செழிப்பைக் கண்டு வந்தவர்களல்லர். ஆகவே நிகர இடப்பெயர்வு என்னும் எண்ணைப் படிக்கும்போது, இழுத்ததா, தள்ளியதா என்ற கேள்வியை உடன் வைத்தே படிக்க வேண்டும்.

வளைகுடா வரலாற்றை ஜமாஅத்தார்கள் நம்மைவிட நன்கறிவீர்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் அந்நாடுகளில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் போயினர், பணம் வந்தது. அப்பணம் வீட்டுக்கு மட்டுமன்று, நாட்டுக்கும் தாங்கலாக இருந்தது என்பதை 1990 காட்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்தபோது 1 இலட்சத்து 70 ஆயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் நகரிலிருந்து விமானங்களில் ஏற்றி வந்தனர். எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வரும் பணம் குறைந்தது. வேறு பல காரணங்களும் சேர, 1991இல் நாடு தன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்கும் நிலை ஏற்பட்டது. இன்றும் இந்தியாவின் நிகரக் கணக்கு மைனஸ்தான். ஆனால் 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் அது ஆயிரத்துக்கு ஒன்றைக்கூட எட்டாத சிறிய எண். அந்தச் சிறிய எண்ணில் அடங்கியவர்கள் 2022இல் அனுப்பிய தொகையோ 11,100 கோடி டாலர், உலகிலேயே அதிகம்.

நம் சமவெளி மாறிய விதம்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெரும் பயன் தஞ்சைக்கே போனாலும், பின்னர் வந்த கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் நம் பகுதியில் சுமார் 45,000 ஏக்கருக்கு நீர் தந்தன. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. அந்நேரம் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரும் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலை 1943இல் இங்கே தொடங்கினர். மானாவாரி நிலத்தில் விளையும் குச்சிக்கிழங்கு, ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் ஆயிரமாயிரம் பேருக்கு வேலையாயிற்று. மலாயாவுக்கு ஆட்களை அனுப்பிய மாவட்டத்திற்கு மலாயாவின் தொழில் வந்து சேர்ந்தது. இதனை நாம் அல்லாஹ்வின் ஏற்பாடு என்றே கருதுகிறோம்.

பிறகு நாமக்கல்லில் லாரிகளும் கூண்டு கட்டும் பட்டறைகளும், கோழிப்பண்ணைகளும், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளும், பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறிகளும் வந்தன. போர்வெல் வண்டியோடு நம் மாவட்டத்து இளைஞர்கள் மத்தியப் பிரதேசம் வரை போனார்கள். அதே சமயம் வடக்கேயிருந்து ஆட்கள் இங்கே வரத் தொடங்கினர். தமிழகத்தில் குழந்தைப் பிறப்பு ஆண்டுக்காண்டு குறைந்து வந்தும், 1991 முதல் 2001 வரை 11.7 விழுக்காடாக இருந்த மக்கள் தொகை வளர்ச்சி, அடுத்த பத்தாண்டில் 15.6 விழுக்காடாக உயர்ந்தது. பிறப்பு குறையும்போது வளர்ச்சி கூடுவது எப்படி என்று ஆய்வாளர்கள் வியந்தனர். பிற மாநிலத்தார் வருகை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே நேரத்தில் நம் முன்னோர் பிழைக்கப் போன இலங்கை, 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் தவித்தது. அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர்.

வந்தவர்கள் எத்தனை பேர் என்பது 2020இல் நம் கண்ணுக்குத் தெரிந்தது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் தறிகள் நின்றன. மே மாதம் முதல் சிறப்பு ரயில்கள் விடப்பட்டபோது, மூட்டைகளோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தோம். அவர்களில் எவரும் நம் கணக்கில் இல்லை.

இப்போது ஜும்ஆவில் பின் வரிசைகளைத் திரும்பிப் பாருங்கள். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துப் பிள்ளைகள் இரண்டு ஸஃப் நிற்கின்றனர். தமிழ் பயான் அவர்களுக்குப் புரிவதில்லை, பொறுமையாக அமர்ந்திருக்கின்றனர். இமாம்களாகிய நாமும் பெரும்பாலும் வெளியூரார்தாம். வந்த ஊரில் நம்மை எழுதிக்கொள்ள ஓர் ஏடு இருக்கிறது என்பதே நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தறிக்கூடத்தில் வேலை செய்த இளைஞர் ஒருவர் காய்ச்சலில் வஃபாத்தானார். ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. அதில் குறை ஏதுமில்லை. கபரஸ்தான் பதிவேட்டில் தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவோடு காத்திருந்தோம். உடன் வேலை செய்தவர்களுக்கு அவரைப் புனைபெயரால் மட்டுமே தெரியும். அவருடைய செல்போன் பூட்டியிருந்தது. மாலை மூன்றரை மணிக்கு ஒரு அழைப்பு தானாக வந்தது. மறுமுனையில் அவருடைய தாயார். மகன் சாப்பிட்டானா என்று கேட்பதற்காக அழைத்திருந்தார். உருது அறிந்தவர் என்பதால் நாம்தான் பேச நேர்ந்தது.

மதீனாவிற்கு வந்த முஹாஜிர்களை நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அன்ஸாரிகளோடு சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தும், அவர் அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டுப் போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். வந்தவர் பெரும்பாலும் கேட்பது வழிதான். ஜகாத் பெற உரியவர்கள் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நிர்வாகிகளுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. தறிக்கூடத்திலும் பண்ணையிலும் தங்கியிருக்கும் பிள்ளைகள் எங்கே எண்ணப்படுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. கணக்கெடுப்பாளர் வரும்போது உருதுவும் இந்தியும் அறிந்த நம் இளைஞர்கள் நான்கு பேர் உடன் செல்லலாம்.

பதிவேட்டைப் பொறுத்தவரை, ‘வெளிநாட்டில் இருப்போர்’ கட்டத்திற்கு அடுத்து ‘வந்து தங்கியிருப்போர்’ என்றொரு கட்டம் சேர்க்கும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் நாம் முன்வைக்க இருக்கிறோம். பெயர், தந்தை பெயர், மாவட்டம், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் போதும், சந்தா வேண்டாம். தீர்மானம் நிறைவேறும்வரை தனி நோட்டு ஒன்றில் எழுதி வருகிறோம். முதல் பக்கம் கிஷன்கஞ்ச் மாவட்டத்துப் பிள்ளைகளால் நிறைந்துவிட்டது. இரண்டாம் பக்கம் இஷாவுக்குப் பின் ஹவுள் அருகே எழுதப்படுகிறது. உங்கள் தறியில், பட்டறையில், பண்ணையில் இருப்பவர்களை ஒருநாள் அழைத்து வாருங்கள்.